‘கேட்டுப் பார்க்கணும்’ பெட்டி: சென்னைக் குடியிருப்புக் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அடுக்குமாடிக்கு ஒன்று, நகருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று சென்னை முழுக்க வாட்ஸ்அப் குழு நடத்திக்கொண்டிருக்கும் அட்மின்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பின் அட்மின் தம்பியிடம் நேரிலேயே பேசிவிட்டேன். ஆனால் போன மழையில் எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும்தான் நடந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நான் மடிப்பாக்கத்தில் இருப்பவள். ஒரு தமிழ் வார இதழில் 1983இல் சேர்ந்து 26 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி வாசகர் கடிதங்களோடு கழிந்தது. எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள், குழுவில் 112 பேர். காலையில் பேப்பரை விரிப்பதற்கு முன்னால் அந்தக் குழுவைத்தான் பார்க்கிறேன். தண்ணீர் லாரி வந்ததா, லிஃப்ட் ஓடுகிறதா, தெருவை மறுபடியும் தோண்டிவிட்டார்களா, எந்த முனையில் திரும்பினால் வண்டி பள்ளத்தில் இறங்காது? இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால், ‘இந்தக் குழுக்களே வேண்டாம்’ என்று சொல்கிற பெரியவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

போன வடகிழக்குப் பருவமழையில் ஒரு சனிக்கிழமை, இரவு பத்தே முக்கால் மணி. மூன்று நாளாக விடாத மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. 42 விநாடி. ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கப் பேசுகிறது. பின்னால் மழைச் சத்தம், நடுவில் ஒரு பஸ் ஹாரன். “இப்பதான் பாத்துட்டு வரேன். செம்பரம்பாக்கம் கரை உடைஞ்சிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி உள்ள வந்துடும். கீழ் வீட்ல இருக்கறவங்க எல்லாம் உடனே மேல போயிடுங்க, கரண்ட்ட ஆஃப் பண்ணிடுங்க.” அடுத்த 5 நிமிடத்தில் அதே பதிவை இன்னும் நான்கு பேர் வேறு வேறு குழுக்களிலிருந்து எடுத்துப் போட்டார்கள். ஒரே ஆள் சொன்னது ஐந்து பேர் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

யாரோ பதறிப்போய்க் கீழே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். தரைத்தளத்து அக்காவுக்கு 71 வயது. அவர் கணவருக்கு 80, வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் விடிய விடிய நின்றவர்கள் அவர்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அக்காவுக்கு வேறெதுவும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு கணவரை முதல் மாடியில் உட்கார வைத்துவிட்டு, மாத்திரை டப்பாவையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுக்க இருட்டில் மறுபடி இறங்கினார். படி ஈரம். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தண்ணீர் நின்றதால் தெருவுக்குள் ஆட்டோ வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

ஏரி உடையவில்லை. அதே பதிவு முந்தைய ஆண்டு மழையிலும் இன்னொரு குழுவில் வந்திருந்ததை மறுநாள் ஒருவர் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினார். அது முதலில் எந்த வருடம் பேசியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பதிவில் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது ‘இப்பதான்’ என்ற சொல். பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்கும். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில்கூட அது என்றைக்கு நடந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். குரல் பதிவு அப்படியில்லை. அதை ஃபார்வர்ட் செய்யும்போது அது முதலில் பேசப்பட்ட தேதி கூடவே வராது, நமக்கு வந்த நேரம்தான் தெரியும். அவர் எந்த மழையில் பேசினாரோ, ஒவ்வொரு முறையும் ‘இப்பதான் பாத்துட்டு வரேன்’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லுக்கு வயதே ஆவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியில் திறக்கிற தண்ணீர் அடையாற்றில் போகிறது. குன்றத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரமாகவே போய்க் கடலில் சேர்கிறது. மடிப்பாக்கத்தின் கதை வேறு. எங்கள் மழைத்தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வடிய வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது அந்தப் பாதை அடைபட்டதால். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அன்று சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் பட்ட பாடு ஊரறியும். அந்த ஏரியின் பெயர் நம் எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ‘இந்தச் செய்தி எந்தத் தெருவுக்கு?’ என்று ஒருவர், ஒரே ஒருவர், அன்று இரவு கேட்டிருந்தால் போதும், அக்கா படி இறங்கியிருக்க மாட்டார்.

இப்போது என் பழைய வேலைக்கு வருகிறேன். காரணமாகத்தான் வருகிறேன்.

எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் 11 மணி வாக்கில் தபால் பை வரும். 15 பைசா போஸ்ட் கார்டு, நீல நிற இன்லண்ட் லெட்டர், கவர். சிலர் கார்டின் மூலை வரை எறும்பு ஊர்வதுபோல எழுதி, இடமில்லாமல் விலாசம் எழுதும் பக்கத்திலும் நாலு வரி நுழைத்திருப்பார்கள். என் மேசையில் மூன்று அட்டைப் பெட்டிகள், ஸ்வீட் கடைப் பெட்டிகள்தான். ஒன்றில் ‘போடலாம்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’, மூன்றாவதில் ‘கேட்டுப் பார்க்கணும்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். யாரைப் பற்றியாவது புகார், ஏதாவது ஊரில் நோய், விபத்து, சாவு என்றால் கடிதம் நேராக மூன்றாவது பெட்டிக்குத்தான் போகும். எழுதியவருக்கே ஒரு கார்டு போடுவேன். நீங்களே பார்த்தீர்களா? என்றைக்கு? எந்த இடத்தில்? பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. எண்பதுகளின் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். தெருக் குழாயில் சாக்கடை நாற்றம் வருகிறது, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று, பென்சிலில், கோடு போட்ட நோட்டுத் தாளில். முறைப்படி மூன்றாவது பெட்டியில் போட்டேன், கார்டு எழுதினேன். பதில் வர ஒரு வாரம். ஆசிரியர் குழுவில் பேசி முடிவெடுக்க இன்னொரு வாரம். அச்சாகி வெளிவந்தபோது மூன்று வாரம் தாண்டிவிட்டது. அதற்குள் அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்களோ. அந்தப் பெண்ணுக்குப் பேச இடம் கொடுக்கும் சாவி என்னிடம் இருந்தது, நான் மெதுவாகத் திறந்தேன். இன்றைக்கு அவர் கையில் ஒரு போன் இருந்தால் தண்ணீரைப் படம் எடுத்து, தெருப் பெயரோடு குழுவில் போடுவார். அரை மணியில் கவுன்சிலருக்குப் போகும். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் பத்துப் பேர் போன் அடிப்பார்கள்.

அதனால் பழைய காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் பொதுமக்கள் காதில் ஒலிபரப்பு விழத் தொடங்கியதே கூட்டத்தோடு கேட்பதாகத்தான். 1930களில் மாநகராட்சி ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பு நடத்தியபோது மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். பதில் பேச வழியில்லை. அப்புறம் வானொலிக்குக் கார்டு போட்டோம், 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு அதற்கும் போட்டோம். நம் பெயரை ரேடியோவில் வாசித்தால் அந்த வாரம் முழுக்கத் தெருவில் நமக்கு மரியாதை. 1995 ஆகஸ்டில் இணையம் சென்னைக்கு வந்தது. பிரவுசிங் சென்டர்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அது முதலில் மெயில் பார்க்கும் இடம்தான். கேட்கிறவரே சொல்கிறவராக, படிக்கிறவரே அச்சடிக்கிறவராக ஆனது போன் கைக்கு வந்த பிறகு.

அதன் அருமையை 2015இல் கண்ணால் பார்த்தவள் நான். 1878இல் தொடங்கிய ‘தி இந்து’வே டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை, ஆட்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதே நேரம், எங்கே படகு வேண்டும், யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, எந்த மண்டபத்தில் சாப்பாடு என்று முகம் தெரியாத பிள்ளைகள் இரவெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களை மாதிரி பத்திரிகைக்காரர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்ததைவிட உபயோகமான வேலை அது. அந்தப் பட்டியல்களில் நன்றாக இருந்தவற்றை இன்று யோசித்தால் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யாராவது போன் செய்து ‘சரிபார்த்தாயிற்று’, ‘மீட்டாயிற்று’ என்று குறித்திருந்தார்கள். அப்படிக் குறிக்காத செய்திகள்தான், ஆள் பத்திரமாகக் கரையேறி மூன்று நாளான பிறகும் ‘உடனே உதவி தேவை’ என்று சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பிள்ளைகள் மூன்றாவது பெட்டியை வைத்திருந்தார்கள்.

அது இல்லாவிட்டால் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று தமிழ்நாடு முழுக்கக் குரல் பதிவுகளும் வீடியோக்களும் பரவின. சென்னையிலிருந்து குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்தில் அடித்தே கொல்லப்பட்டார். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. பழவேற்காட்டில் ஓர் ஆதரவற்ற மனிதரைக் கொன்றார்கள். இதை எழுதும்போது இன்னமும் கை நடுங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பல முறை கைமாறி வந்தவற்றுக்கு இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். எங்கள் குழுவுக்கு வந்த ஏரிப் பதிவிலும் அந்த இரட்டை அம்பு இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தயவுசெய்து உங்கள் குழுவில் இதை ஒருமுறை எல்லோருக்கும் சொல்லுங்கள், பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் பீகார்க்காரர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அவர்கள் ஊரில் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ எடுத்த காட்சிகள். அந்த வாரம் அவர் அம்மா ஒரு நாளைக்கு ஆறு முறை போன் செய்து அழுதார். ஒருநாள் அவர் போனை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு இந்தி வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. “அச்சா, அச்சா” என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ, அழுகை நின்றது. அங்கே அவர்கள் ஊர்க் குழுவில் ஓர் அட்மின் இருந்திருப்பார் இல்லையா?

அட்மின் என்ற பொறுப்பை நீங்கள் தேடிப்போய் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தம்பி பராமரிப்புப் பணம் வசூலிக்க வசதியாக இருக்கும் என்று குழுவை ஆரம்பித்தார். பகலெல்லாம் ஓ.எம்.ஆரில் ஆபீஸ். வீட்டுக்கு வரும்போது 112 பேரின் சண்டை காத்துக்கொண்டிருக்கும். சட்டமும் உங்களைப் பிடித்து உலுக்கவில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, வெறுமனே அட்மினாக இருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நான் பேசுவது வழக்கைப் பற்றி இல்லை. 112 பேர் காலையில் கண் விழித்ததும் முதலில் படிப்பது உங்கள் குழுவைத்தான். எங்கள் இதழில் ஆசிரியர் என்று ஒரு நாற்காலி இருந்ததே, அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரும் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா விழுந்த மறுநாள், பதிவைப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் எழுதியது ஒன்றேதான்: ‘எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்.’ அவர்கள் நல்லவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிழைக்கட்டும் என்று அனுப்பினார்கள். அவர்களைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அந்த வாசகத்தை உங்கள் குழுவில் இனி ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பதிவு வந்தால் உடனே கீழே கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா? என்றைக்கு? எந்தத் தெரு? மரியாதையாக, எல்லோர் முன்னாலும், எல்லோரிடமும் ஒரே மாதிரி. குடியிருப்புச் சங்கத் தலைவர் போட்டாலும் கேளுங்கள். நாலு முறை கேட்டால் ஐந்தாவது முறை அவர்களே தேதி போட்டு அனுப்புவார்கள். கடிதம் எழுதியவர்கள் அப்படிப் பழகினார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

மழை எச்சரிக்கை வந்ததும் குழுவைப் பூட்டி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுகிற வழக்கம் சில குடியிருப்புகளில் இருக்கிறது. அது வேண்டாம். ராத்திரி ஒருவருக்கு மூச்சுத் திணறினால், மோட்டார் அறையில் தண்ணீர் ஏறினால், அவர் எங்கே போய்க் கத்துவார்? வியாசர்பாடிப் பெண்ணின் கடிதத்தை நான் மூன்று வாரம் வைத்திருந்த தவறுதான் அது, வேறு வடிவில். குழு திறந்தே இருக்கட்டும். பதிலாக ஒரு செய்தியை மேலே பின் பண்ணி வையுங்கள். ஏரிகளின் நீர்மட்டத்தை மெட்ரோ வாட்டர் தன் இணையதளத்தில் தினமும் போடுகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, இன்று காலை எத்தனை அடி என்று ஒரு வரி. நுங்கம்பாக்கம் வானிலை மையம் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு வரி. மாநகராட்சியின் 1913, மோட்டார் பார்க்கும் ஆளின் எண், உங்கள் தெருத் தண்ணீர் எந்த வழியாக வடிகிறது. இவ்வளவு போதும். காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விடலாமா என்று தவிக்கிறவர், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

தவறான பதிவு வந்துவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அட்மினுக்கு அழிக்கும் வசதி இருக்கிறது, சரி. ஆனால் அதற்குள் அது வேறு பத்துக் குழுவுக்குப் போயிருக்கும், அங்கே போய் உங்களால் அழிக்க முடியாது. அதன் கீழேயே, ‘இது பொய், பழைய பதிவு, சரிபார்த்தோம்’ என்று நேரத்தோடு எழுதுங்கள். பதிவை ஃபார்வர்ட் செய்தவர்கள் இந்த மறுப்பையும் அதே இடங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் இதழில் தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் ‘திருத்தம்’ என்று கட்டம் கட்டிப் போடுவோம். போடும்போது கூசும். ஆனால் திருத்தம் போட்ட வாரம் வாசகர்கள் எங்களை நம்பி இன்னும் அதிகமாக எழுதினார்கள்.

எல்லாவற்றையும் ஒரு ஆள் பார்க்க முடியாது. எங்கள் குழுவில் இந்த மழைக்கு முறை போட்டிருக்கிறோம். எச்சரிக்கை இருக்கும் இரவுகளில் பத்து மணியிலிருந்து இரண்டு வரை ஒருவர் விழித்திருந்து வருகிற பதிவைப் பார்ப்பது, கேட்பது, தேவைப்பட்டால் சம்பந்தப்பட்ட தெருவில் இருக்கும் யாருக்காவது போன் செய்து விசாரிப்பது. தம்பி, பி பிளாக்கில் ஒரு கல்லூரி மாணவி, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு சார், சனிக்கிழமைகளில் நான்.

பட்டியலைக் குழுவில் போட்ட அன்று சாயங்காலம் தரைத்தளத்து அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். எனக்குத்தான் ராத்திரியில் தூக்கமே வருவதில்லையே என்றார். வலது கையால் இன்னும் டைப் செய்ய வரவில்லையாம். “குரல் பதிவாத்தான் போடுவேன், பரவாயில்லையா? தேதியைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.”

அன்புடன்,
மடிப்பாக்கத்திலிருந்து,
ஓய்வு பெற்ற ஒரு துணையாசிரியர்